அறுபது பிரதிகள்

பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான்கு நாள் நான்தான் துணைக்கு. ட்ரிப்ஸ் ஏற்ற வந்த நர்ஸ் அவர் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கெடைக்க மாட்டேங்குது சார்" என்றார். அவர் தேடியது ரத்தக் குழாயை. நம் ஊரில் அதுவும் நரம்புதான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறோம். இலையில் ஓடுவது நரம்பு. யாழில் கட்டியதும் நரம்பு. உள்ளே இழையாக ஓடுகிற எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டோம்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிரேக்கத்தில் 'நியூரான்' என்பதும் இதே கதைதான். தசைநாண், வில்லில் கட்டும் நாண், யாழின் தந்தி எல்லாவற்றுக்கும் அதே சொல். அதை எடுத்து மூளையின் உயிரணுவுக்கு மட்டும் என்று ஒதுக்கியவர் வால்டயர் என்ற ஜெர்மானிய உடற்கூறு அறிஞர். ஆண்டு 1891.

அன்று இரவு வார்டில் கொசு பிடுங்கி எடுத்தது. பெரியப்பாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. அந்தக் காலைத்தான் சொறிந்துகொண்டிருந்தார். "காலு செத்து அறுபது வருஷம் ஆச்சுடா. அசைக்க முடியல. ஆனா கொசு கடிச்சா மட்டும் நல்லாத் தெரியுது. அது எப்படின்னு உன் சயின்ஸ்ல போட்டிருக்கா?" என்று கேட்டார்.

போட்டிருக்கிறது. ஆனால் அதை ஒருவர் கண்டுபிடித்து, உலகத்தை நம்பவைக்கப் பட்ட பாடு சாதாரணமானதல்ல.

காடா, மரமா

உயிர்கள் எல்லாம் உயிரணுக்களால் ஆனவை என்று ஷ்லைடனும் ஷ்வானும் 1838-39இல் சொல்லிவிட்டார்கள். செடிக்குச் சரி. தோலுக்கும் ஈரலுக்கும்கூடச் சரி. மூளையிடம் வந்தபோதுதான் சிக்கல். மூளையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் அங்கங்கே உருண்டையாக உயிரணு உடல்கள் தெரிந்தன. அவற்றைச் சுற்றி இழைகளின் பெருங்காடு. எந்த இழை எந்த உருண்டையிலிருந்து கிளம்புகிறது, எங்கே போய் முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஓட்டோ டெய்ட்டர்ஸ் என்ற இளைஞர் ஊசியை வைத்து உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்துப் பார்த்தார். உடலிலிருந்து மரக்கிளைபோலப் பிரியும் பல இழைகள் ஒரு வகை, கிளையில்லாமல் நீளமாகப் போகும் ஒற்றை இழை இன்னொரு வகை என்று கண்டார். இன்று டெண்ட்ரைட், ஆக்ஸான் என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைகிறோமே, அவைதான். 1863இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். புத்தகம் வெளிவந்தது 1865இல்.

டெய்ட்டர்ஸாலும் இழைகளின் நுனியைப் பார்க்க முடியவில்லை. அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொண்டது வலைக் கொள்கை. ஜோசப் ஃபொன் கெர்லாக் 1870களின் தொடக்கத்தில் சொன்னார்: இழைகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே வலையாகிவிடுகின்றன, தனித்தனி உயிரணு என்பது மூளையில் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம் மனம் ஒன்றாக இருக்கிறதே, அதற்குப் பொருத்தமாக மூளையும் தையல் தெரியாத ஒரே துணியாக இருக்கலாம் அல்லவா?

சமையலறையில் ஒரு கறுப்பு

மிலானுக்குப் பக்கத்தில் அப்பியாதெகிராஸ்ஸோ என்ற சிற்றூர். குணமாகாத நோயாளிகளுக்கென்று அங்கே ஒரு விடுதி. 1872இல் அதற்குத் தலைமை மருத்துவராகப் போய்ச் சேர்ந்தார் கமில்லோ கோல்ஜி. வயது 29. ஆராய்ச்சியில் ஆசை, ஆனால் ஆய்வகம் கிடையாது. சமையலறையையே ஆய்வகமாக மாற்றிக்கொண்டு, வேலை முடிந்த பிறகு இரவுகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உழைத்தார்.

மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தினார். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் போட்டார். சீவிப் பார்த்தால், மஞ்சள் பின்னணியில் கறுகறுவென்று முழு நியூரான் நின்றது. உடல், கிளைகள், நீண்ட இழை எல்லாம் சேர்த்து, மையால் வரைந்த மாதிரி. 1873இல் இதை வெளியிட்டார். கறுப்பு வினை என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தச் சாயம் எல்லா நியூரான்களையும் பிடிப்பதில்லை. நூற்றில் சிலவற்றை மட்டும் பிடித்து, மிச்சத்தை விட்டுவிடும். இந்தக் குறைதான் அதன் வரம். எல்லாம் கறுத்திருந்தால் ஸ்லைடு முழுக்க மை கொட்டிய மாதிரி ஆகியிருக்கும். காட்டில் நாலைந்து மரங்களுக்கு மட்டும் விளக்குப் போட்டதால் மரம் தெரிந்தது.

இந்த விளக்கில்தான் நியூரான்களை வகை பிரிக்கும் வேலை தொடங்கியது. நீண்ட ஆக்ஸான் உள்ளவை முதல் வகை, பக்கத்திலேயே கிளைத்து முடியும் குட்டை ஆக்ஸான் உள்ளவை இரண்டாம் வகை என்றார் கோல்ஜி. இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இந்தப் பிரிவு இருக்கிறது. முதல் வகை இயக்கத்துக்கு, இரண்டாம் வகை உணர்வுக்கு என்று அவர் ஊகித்ததுதான் நிற்கவில்லை. டெண்ட்ரைட்டுகள் வெறுமனே சத்து உறிஞ்சும் வேர்கள் என்று எண்ணினார். ஆக்ஸான்களின் கிளைகள் பின்னிக் கலந்து ஒரே வலையாகின்றன, மூளை வேலை செய்வது அந்த வலையால்தான் என்றார். மரத்தை முதன்முதலில் பார்த்த மனிதர், காட்டைத்தான் நம்பினார்.

முடிதிருத்தும் கடையிலிருந்து

ஸ்பெயினின் வடக்கே பெத்தியா தெ அரகோன் என்ற மலைக்கிராமம். 1852 மே 1 அன்று அங்கே பிறந்தார் சந்தியாகோ ரமோன் இ கஹால். அப்பா கிராமத்து அறுவை மருத்துவர். பையனை டாக்டராக்கியே தீருவது என்று உறுதியாக இருந்தார். பையனுக்கோ சித்திரக்காரன் ஆகவேண்டும். பதினோரு வயதில் மரத்தில் பீரங்கி செய்து பக்கத்து வீட்டு வாசல் கதவைத் தகர்த்துச் சில நாள் சிறையில் இருந்த பிள்ளை. அடக்குவதற்காக முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டுப் பார்த்தார் அப்பா. கடைசியில் அவருக்கே ஒரு வழி தோன்றியது. பையனைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய் எலும்புகளைப் பொறுக்கவைத்து, அவற்றை வரையச் சொன்னார். பையன் வரைந்தான். மாட்டிக்கொண்டான்.

1873இல், கோல்ஜி கறுப்பு வினையை வெளியிட்ட அதே ஆண்டில், கஹால் மருத்துவப் பட்டம் பெற்றார். ராணுவ மருத்துவராகக் கியூபா போய் மலேரியாவோடு திரும்பினார். பிறகு காசநோய். சேமிப்பில் நுண்ணோக்கி வாங்கித் தானே கற்றுக்கொண்டார். 1885இல் வலென்சியா பக்கம் காலரா பரவியபோது அதைப் பற்றி அவர் செய்த ஆய்வுக்கு நன்றியாக ஸரகோஸா மாகாண அரசு ஒரு ஸைஸ் நுண்ணோக்கியைக் கொடுத்தது. பணமாகக் கொடுத்திருந்தால் அறிவியல் வரலாறே வேறாகியிருக்கலாம்.

1887இல் மாட்ரிடுக்குப் போன இடத்தில் லூயிஸ் சிமர்ரோ என்ற மருத்துவர் தன் வீட்டில் கோல்ஜி முறை ஸ்லைடு ஒன்றைக் காட்டினார். அந்த முறை வெளிவந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. சாயம் பிடித்தால் பிடிக்கும், பிடிக்காவிட்டால் இல்லை என்ற நிலையில் பெரும்பாலோர் அதைச் சீண்டவே இல்லை. கஹால் பார்த்த நொடியில் விழுந்துவிட்டார்.

அந்த ஆண்டே பார்சிலோனாவில் வேலை கிடைத்தது. அங்கே இரண்டு மாற்றம் செய்தார். சாயம் ஏற்றுவதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ஆக்கினார். வளர்ந்த மூளையை விட்டுவிட்டுக் குஞ்சுகளின், கருவின் மூளையை எடுத்தார். வளர்ந்த ஆக்ஸான்களைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை வந்துவிடும். வெள்ளி அதைத் தாண்டி உள்ளே போகாது. உறை வருவதற்கு முன்பே பிடித்துவிட்டால் இழை எங்கே போகிறது என்று நுனிவரை பார்க்கலாம். வளர்ந்த காட்டில் வழி தெரியவில்லை என்றால் நாற்றங்காலில் பார்ப்பது என்ற யோசனை. ரொம்ப எளிமை.

பறவைகளின் சிறுமூளையில் அவர் நுனிகளைப் பார்த்தார். புர்கிஞ்ஜே செல் என்று ஒன்று உண்டு. 1837லேயே அதன் உடலைக் கண்டு சொன்ன செக் அறிஞரின் பெயர். விசிறிபோலக் கிளை விரித்து நிற்கும் பெரிய நியூரான். வேறொரு நியூரானின் ஆக்ஸான் வந்து அதன் உடலைச் சுற்றிக் கூடைபோலப் பின்னிக்கொண்டு, அங்கேயே முடிந்துவிட்டது. தொட்டது, கலக்கவில்லை. இன்னொரு வகை இழை கொடி மரத்தில் ஏறுவதுபோல அதன் கிளைகளில் ஏறியது. அதுவும் கலக்கவில்லை. எங்கே தேடியும் வலை இல்லை.

இதை எங்கே வெளியிடுவது? அவரே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1888 மே மாதம் முதல் இதழ். கைக்காசு போட்டு அச்சடித்தது 60 பிரதிகள். பெரும்பகுதியை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். பதில் ஏதும் வரவில்லை. எழுதியது ஸ்பானிஷ் மொழியில். அன்றைக்கு அறிவியல் பேசிய மொழிகள் ஜெர்மனும் பிரெஞ்சும் ஆங்கிலமும். ஸ்பானிஷில் அறிவியலா என்று ஐரோப்பா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சிறுபத்திரிகை நடத்திக் கைக்காசு கரைந்தவர்களுக்கு இந்த மௌனம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். வலையைச் சந்தேகித்தவர் கஹால் மட்டும் அல்ல. வில்ஹெல்ம் ஹிஸ், ஒகுஸ்த் ஃபொரேல் இருவரும் அவருக்குச் சற்று முன்பே தனித்தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். நார்வேக்காரர் ஃப்ரிட்யோஃப் நான்சென் 1887இல் எழுதியதும் அதுதான்; எழுதிவிட்டு, அடுத்த வருஷம் கிரீன்லாந்தின் பனியைக் கடக்கக் கிளம்பிவிட்டார். ஆனால் இழையின் நுனியை ஊரறியக் காட்டும் ஸ்லைடுகள் கஹாலிடம்தான் இருந்தன.

பெர்லினுக்கு ஒரு பயணம்

படிக்கமாட்டார்கள் என்றால் நேரில் போய்க் காட்டிவிடுவது. 1889 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மன் உடற்கூறு அறிஞர்களின் கூட்டம். சொந்தச் செலவில், நுண்ணோக்கியையும் ஸ்லைடுகளையும் தூக்கிக்கொண்டு போனார். தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். சந்தைக்கு வந்த வியாபாரி மாதிரிதான்.

ஆல்பெர்ட் ஃபொன் கொல்லிகர் வந்தார். வயது 72, இந்தத் துறையின் பெரியவர். அதுவரை கோல்ஜியின் வலையின் பக்கம் சாய்ந்திருந்தவர். கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் கஹாலைத் தன் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போய் விருந்து கொடுத்து, மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தார். பிறகு அந்த ஸ்லைடுகளைத் தானே செய்து பார்த்துவிட்டு, தன் பழைய கருத்தைக் கைவிட்டார். கஹாலைப் படிப்பதற்காகவே அந்த வயதில் ஸ்பானிஷ் கற்றார் என்றும் சொல்வார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆள் கொல்லிகர்தான். எழுபத்திரண்டு வயதில் ஸ்லைடைப் பார்த்து மனதை மாற்றிக்கொள்வது, கண்டுபிடிப்பதைவிட ஒன்றும் சின்ன வேலை இல்லை.

திரும்பும் வழியில் பாவியா நகரில் கோல்ஜியைப் பார்க்கப் போனார் கஹால். கோல்ஜி ஊரில் இல்லை. அன்று சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

1891இல் வால்டயர் எல்லாருடைய கண்டுபிடிப்புகளையும் தொகுத்து 'நியூரான்' என்று பெயர் சூட்டினார். நரம்பு மண்டலமும் தனித்தனி உயிரணுக்களால் ஆனதுதான் என்பது கொள்கையாகிவிட்டது.

அம்புக்குறிகள்

கஹாலின் படங்களில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் இருக்கும். இறந்த திசுவைப் பார்த்துக்கொண்டு, அதில் சேதி எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று குறித்திருப்பார். எப்படித் தெரிந்தது? விழித்திரையைப் பார்த்தார். ஒளியை வாங்கும் செல்கள் ஒரு பக்கம், மூளைக்குப் போகும் ஆக்ஸான்கள் மறுபக்கம், நடுவே இருமுனை நியூரான்கள். எல்லாவற்றிலும் டெண்ட்ரைட் உலகத்தைப் பார்த்து நின்றது, ஆக்ஸான் மூளையைப் பார்த்துப் போனது. மோப்பப் பகுதியிலும் அப்படியே. ஆகவே சேதி டெண்ட்ரைட்டில் நுழைந்து, உடலைக் கடந்து, ஆக்ஸான் வழியே வெளியேறுகிறது. ஒருவழிப் பாதை. கோல்ஜி வெறும் வேர் என்று ஒதுக்கிய கிளைகள்தான் காதுகள்.

தனித்தனி ஆள், ஒருவழிப் பாதை என்று ஆனதும் வகைகளுக்கு அர்த்தம் வந்துவிட்டது. வெளியிலிருந்து சேதி கொண்டுவருபவை உணர்வு நியூரான்கள். தசைக்கு உத்தரவு கொண்டுபோகிறவை இயக்க நியூரான்கள். நடுவே நின்று கூட்டிக் கழித்து முடிவு செய்பவை இடைநியூரான்கள். மூளையில் பெரும்பாலானவை இந்த நடு ஆட்கள்தான். சூடான தோசைக்கல்லில் கைபட்டதும் வெடுக்கென்று இழுக்கிறோம். உணர்வு, இடை, இயக்கம் என்று மூன்று வகையும் முதுகுத்தண்டுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டு காரியத்தை முடித்துவிடுகின்றன. 'ஐயோ' என்று மூளைக்குத் தெரிவது அப்புறம்தான்.

சேதி என்பது என்ன என்பது பின்னால் வந்தவர்களின் வேலை. சும்மா இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டல் ஓர் அளவைத் தாண்டினால் சவ்வில் கதவுகள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும். மின்னழுத்தம் தலைகீழாகிச் சுமார் ஒரு மில்லிவினாடியில் திரும்பும். பக்கத்து இடத்தில் அதே நடக்கும். திரியில் நெருப்பு ஓடுவதுபோல இது ஆக்ஸானில் ஓடுகிறது. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த ஆக்ஸானில் இதை அளந்து கணக்காக எழுதினார்கள். கொழுப்புறை போட்ட தடித்த ஆக்ஸான்களில் வினாடிக்கு நூறு மீட்டருக்கு மேலும் வேகம் உண்டு. உறையில்லாத மெல்லிய இழைகளில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். அரிப்பு பெரும்பாலும் இந்த மெல்லிய இழையில்தான் வருகிறது. கணுக்காலில் கடித்த கொசு தப்பித்துப் போக அவகாசம் கிடைப்பது சும்மா இல்லை.

இரண்டு நியூரான்கள் தொடும் இடத்துக்குச் சினாப்ஸ் என்ற பெயர் 1897இல் ஷெரிங்டன் வழியே வந்தது. அந்த இடத்தைப் பலவகைச் சினாப்ஸ்களில் ரசாயனம் கடக்கிறது என்பதற்கு வழி திறந்தது 1921இல் ஓட்டோ லோவி தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனை. ஒரு இதயத்தை மெதுவாக்கிய நரம்பு விட்ட திரவத்தை இன்னொன்றின் மேல் ஊற்றினார், அதுவும் மெதுவானது. இதிலிருந்து இன்னொரு வகைப்பாடும் வந்தது: அடுத்த நியூரானை 'சுடு' என்று தூண்டுபவை, 'சும்மா இரு' என்று அடக்குபவை. கஹால் பார்த்த கூடை செல்லும், அது கட்டிப்பிடித்திருந்த புர்கிஞ்ஜே செல்லும் அடக்குபவை. நம் நடை தடுமாறாமல் இருப்பதில் இந்த 'வேண்டாம்'களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்டாக்ஹோம்

1906ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். இருவரும் முதன்முதலில் சந்தித்தது அங்கேதான். டிசம்பர் 11 அன்று கோல்ஜி பேசினார். பேச்சின் தலைப்பே நியூரான் கொள்கை. வாழ்த்தவில்லை, அது தவறு என்று வாதாடினார். தன் சாயத்தை வைத்துக்கொண்டே தன்னைத் தோற்கடித்த ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கஹால் தன் சான்றுகளை அடுக்கினார். நியூரான்கள் தொடுகின்றன, கலப்பதில்லை. பிற்பாடு தன்வரலாற்றில் கோல்ஜியைப் பற்றிக் கசப்போடுதான் எழுதினார்.

கோல்ஜியைப் பிடிவாதக்காரர் என்று சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நுண்ணோக்கிகளால் இரண்டு நியூரான்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்கவே முடியாது. அது ஏறக்குறைய 20 நானோமீட்டர். 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகுதான் கண்ணால் கண்டார்கள். அதுவரை கஹாலும் இடைவெளியைப் பார்க்கவில்லை. நுனியைப் பார்த்து இடைவெளியை ஊகித்தார். கோல்ஜி நுனியை நம்பாமல் வலையை ஊகித்தார். கோல்ஜி 1926இல் இறந்தார், கஹால் 1934இல். தீர்ப்பை இருவரும் கேட்கவில்லை.

அந்தத் தீர்ப்பும் முழுசாக ஒருபக்கம் இல்லை. 1959இல் ஃபர்ஷ்பானும் பாட்டரும் நன்னீர் இறால் ஒன்றில் மின்சாரம் நேரடியாகக் கடக்கும் சினாப்ஸைக் காட்டினார்கள். அவ்விடங்களில் இரு செல்களுக்கு நடுவே நுண்துளைப் பாலங்கள் உண்டு. நம் மூளையிலும் சில இடைநியூரான்கள் அப்படி இணைந்திருக்கின்றன. 2023இல் சீப்புச் சொறி என்ற கடல்வாழ் உயிரியின் இளம் பருவத்தில், நரம்பிழைகள் சினாப்ஸ் இல்லாமல் ஒன்றோடொன்று கலந்து ஒரே வலையாகவே இருப்பதைக் கண்டார்கள். கோல்ஜி சொன்ன வலை கடலில் நீந்திக்கொண்டிருந்தது. அவர் தேடிய மூளையில் மட்டும் இல்லை.

வகைகளின் கணக்கோ முடிந்தபாடில்லை. 2023இல் மனித மூளைச் செல்களை மரபணுச் செயல்பாட்டை வைத்துப் பிரித்தபோது 3000-க்கும் மேற்பட்ட வகைகள் வந்தன. அடுத்த ஆண்டு ஒரு பழ ஈயின் மூளையிலுள்ள 1,39,255 நியூரான்களையும் இணைப்பு சகிதம் வரைந்து முடித்தார்கள். கஹால் பென்சிலால் தொடங்கிய வேலையின் தொடர்ச்சிதான்.

செத்த காலின் அரிப்பு

பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். போலியோ வைரஸ் குறிப்பாகத் தாக்குவது முதுகுத்தண்டின் முன்பக்கம் இருக்கும் இயக்க நியூரான்களை. உணர்வு நியூரான்களின் உடல்கள் தண்டுக்கு வெளியே, பக்கத்தில் சிறு முடிச்சுகளாக இருக்கின்றன. வைரஸ் பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுகிறது. ஆகவே உத்தரவு போகும் வழி அறுந்தது. சேதி வரும் வழி அப்படியே இருக்கிறது. மூளை வலையாக இருந்திருந்தால் ஒரு வகை மட்டும் சாவது எப்படி என்று விளக்க முடியாது. எந்த வகை சாகிறது என்பதுதான் எந்த நோய் என்பதை முடிவு செய்கிறது. நடுமூளையில் டோபமின் சுரக்கும் நியூரான்கள் அழிந்தால் பார்க்கின்சன்ஸ். இயக்க நியூரான்கள் தொடர்ந்து அழிந்துகொண்டே போனால் ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்த நோய்.

அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கம்பி ரெண்டா? ஒண்ணு போக, ஒண்ணு வர?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்புறம் எப்படிடா பத்து வயசுக்குள்ள கொஞ்சம் நடக்க வந்துச்சு?"

அதற்கும் விடை உண்டு. தப்பிப் பிழைத்த இயக்க நியூரான்கள் புதுக்கிளை விட்டு, அநாதையாகிப் போன தசைநார்களையும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு ஆள் பல ஆள் வேலையைச் செய்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் கூடுதல் கிளைகள் தளர ஆரம்பிக்கும். தேறிய காலில் மறுபடி பலவீனம் வரும். போலியோ வந்து மீண்ட பலருக்கும் வயதான காலத்தில் இது நேர்கிறது. இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ பதிவானது 2011 ஜனவரியில். நோய் போய்விட்டது, அதைச் சுமந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

ரெண்டு வருஷமாகக் கால் முன்னைப்போல் தாங்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் அவரைத் திட்டியிருக்கிறோம். நானும்தான்.

அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "அறுபது வருஷமா ஓவர்டைம் பாத்திருக்கு பாரு" என்றார். பிறகு அந்தக் காலில் உட்கார்ந்த கொசுவைச் சரியாக அடித்தார்.